ஆட ஆள் இருக்கு... பார்க்க ஆள் இருக்கா?

நெல்லைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அல்வா, அருவா, அருவி... இந்த மூணோட நிறுத்திக்கிற ஆளா இருந்தா, நாலாவதா ஒண்ணு சேர்த்துக்குங்க. ஆட்டம்!

டிசம்பர் சீசன், சபா கேன்டீன், பாஸ் வாங்க அடிதடி... இதெல்லாம் சென்னைக்காரங்க சமாச்சாரம். தாமிரபரணிக் கரையில் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடையாது, ஏ.சி. கிடையாது, சீட் நம்பரும் கிடையாது. மணல்ல துண்டை விரிச்சா அதுதான் முதல் வரிசை!

பரதம், கரகம், கூத்து, யூடியூபில் ரஷ்யாக்காரங்க பாலே வரைக்கும், ஆட்டம்னா சோத்தை மறக்கிற கட்சி நான். இருபத்தஞ்சு வருஷமா வேடிக்கை பார்த்த தைரியத்தில் சொல்றேன்... இந்தப் பக்கத்தில் பார்த்த அளவுக்கு வேறெங்கேயும் பார்க்கலை. ஒரு லீவு நாளில் ஒரு ரவுண்டு போவோமா? குற்றாலத்தில் ஏறி, சீவலப்பேரியில் இறங்கறோம். அருவித் தண்ணி சிற்றாறா ஓடி தாமிரபரணியில் கலக்கிற இடம் சீவலப்பேரிதான். தண்ணி அது பாட்டுக்கு ஒரு வழியில் வரட்டும்... நாம நெல்லை டவுன் வழியா பஸ்ஸில் போவோம்.

சுவரில் ஆடுறவர்

குற்றாலம் போனா எண்ணெய்க் குளியல், மிளகாய் பஜ்ஜி, குரூப் போட்டோ... அப்படியே ரிட்டர்ன். நம்ம பசங்க டைம்டேபிள் இதுதானே? குற்றாலநாதர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளித் தனியா நிற்கிற சித்திர சபைக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. நடராஜருக்கு அஞ்சு சபைகள் சொல்வாங்க. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், நெல்லையில் தாமிரம், குற்றாலத்தில் சித்திரம். அஞ்சில் ரெண்டு நம்ம பக்கம்! சித்திர சபையில் நடராஜர் ஓவியமாவே இருக்கார். நாலு சுவரும் ஓவியம்தான். எதிரே தெப்பக்குளம், நடுவில் நீராழி மண்டபம். காலேஜ் டூர் பஸ் நிற்கிற இரைச்சலில் இருந்து இருநூறு அடி வந்தா இப்படி ஒரு அமைதி.

இந்த ஊருக்கு ஆட்டத்தோட இன்னொரு சம்பந்தமும் உண்டு. பக்கத்து மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதின குற்றாலக் குறவஞ்சி. ஸ்கூலில் மனப்பாடப் பகுதியா வந்து நம்மளை மிரட்டின அதே புத்தகம்தான். உண்மையில் அது படிக்கிறதுக்கு எழுதினதை விட, ஆடுறதுக்கு எழுதினது. குற்றாலநாதர் மேல காதலாகிற வசந்தவல்லி, குறி சொல்ல வர்ற சிங்கி, பொண்டாட்டியைக் காணோம்னு தேடி அலையுற சிங்கன்... செம மசாலா!

ஒரு தடவை ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே ராணி அன்னா பாவ்லோவாவோட ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா போனாங்க. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டிகிட்ட பாலேயும் கத்துக்கிட்டாங்க. உங்க நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போங்கன்னு பாவ்லோவா சொன்னது அவங்க மனசில் தைச்சது. 1936-ல் கலாக்ஷேத்ரா, 1944-ல் அங்கே குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகம். கப்பலில் ஆரம்பிச்ச பேச்சு எங்கே வந்து கரை சேர்ந்திருக்கு பாருங்க... நம்ம அருவிக்கரைக் கதையில்!

வசந்தவல்லி பந்தாடுற காட்சியில் நான் ஒரே ஒரு விஷயம்தான் பார்ப்பேன். ஆடுறவங்க கண்ணு. கையில் பந்து இருக்காது. தூக்கிப் போட்டதும் கண்ணு மேல போகணும், அங்கே ஒரு நொடி நிற்கணும், அப்புறம் இறங்கணும். அந்த நேரக்கணக்கு சரியா இருந்தா இல்லாத பந்து நமக்குத் தெரியும். கண்ணு முந்திக்கிட்டா பந்து அவுட்! சிங்கி வேஷம் இன்னும் கஷ்டம். மலை ஏறி இறங்கின காலு, ஊரூரா சுத்தின திமிரு ரெண்டும் வேணும். நிறையப் பேர் சிங்கியை பிக்னிக் வந்த பொண்ணு மாதிரி ஆடிட்டுப் போயிடறாங்க. ஒரே ஒரு வருத்தம்... இந்த நாடகத்தை முழுசா நான் பார்த்ததெல்லாம் சென்னை மேடையில்தான். மலையும் அருவியும் இங்கே, ஆட்டம் அங்கே!

அழகான கூத்தர்

குற்றாலம் 2019-ல இருந்து தென்காசி மாவட்டம். அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வந்தா நெல்லை டவுன். நெல்லையப்பர் கோயிலுக்குள்ளே மரவேலைப்பாட்டோட நிற்குது தாமிர சபை. மார்கழித் திருவாதிரை அன்னிக்கு விடியறதுக்கு முன்னால அங்கே போய்ப் பாருங்க. குளிரில் மப்ளர் கட்டின தாத்தாக்கள், தூங்கி வழியுற பொடிசுகள், ஈரத்தலையோட அக்காமார்... எல்லாரும் ஒரு ஆட்டத்துக்காகக் காத்திருப்பாங்க. இந்த ஆட்டக்காரருக்கு ரசிகர் பஞ்சமே கிடையாது.

டவுனில் இருந்து ஆத்தோரமா கிழக்கே போனா ராஜவல்லிபுரம். ரா.பி. சேதுப்பிள்ளை, வல்லிக்கண்ணன் ரெண்டு பேரையும் தமிழுக்குக் கொடுத்த ஊர். அதை ஒட்டி செப்பறை. அங்கே நடராஜருக்குப் பேரே அழகிய கூத்தர். கடவுளுக்குப் பேர் வைக்கும்போதே விமர்சனமும் எழுதின ஊர் இது!

அந்த ரசனை இந்த மண்ணில் ஊறிப்போனது. டி.கே. சிதம்பரநாத முதலியாரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நெல்லையில் அவர் வீட்டில் கூடின கூட்டத்துக்கு வட்டத்தொட்டின்னு பேர். அதில் கம்பனையும் மத்த கவிஞர்களையும் பாட்டுப் பாட்டா ருசிச்சுப் பேசுவாங்க. ஊர் அவருக்குக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? ரசிகமணி! எழுதினவனுக்குப் பட்டம் கொடுக்கிறது சகஜம். ரசிச்சவருக்குப் பட்டம் கொடுத்திருக்காங்களே...

கொடை ராத்திரி

இனி நம்ம ரவுண்டோட மெயின் பிக்சர். சீவலப்பேரின்னா உங்களுக்கு 1994-ல வந்த படம் ஞாபகம் வரலாம். எனக்கு ஞாபகம் வர்றது அங்கே இருக்கிற சுடலைமாடன் கோயில். தாமிரபரணிப் பக்கம் ஊருக்கு ஊர் சுடலை உண்டு, சுடலை இருந்தா கொடை உண்டு. கொடை இருந்தா கணியான் கூத்து. அம்மன் கோயில்னா வில்லுப்பாட்டு, சுடலைன்னா கணியான்... பெரும்பாலும் இதுதான் இங்கே கணக்கு.

பாட்டை நடத்திக்கிட்டுப் போறவர் அண்ணாவி. கூடவே பின்பாட்டு, ஜால்ரா, ரெண்டு மகுடம். மகுடம்னா தலையில் வைக்கிறது இல்லைங்க, வட்டமான தோல் கருவி. ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம். ஆட்டத்துக்கு முன்னால தீ மூட்டி அதில் காட்டிக் காட்டித் தோலை முறுக்கேத்துவாங்க. டிங்குன்னு ஒரு தட்டு... தூக்கம் ஓடிப் போயிடும். முன்னால ஆடுறது ரெண்டு ஆம்பளைங்க. புடவை, ஜடை, பூ, காலில் சலங்கை. ராத்திரி முழுக்க சுடலை கதை ஓடும். சாமிக்காக கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிற சடங்கும் இதில் உண்டு. அதனால இதை வெறும் பொழுதுபோக்குன்னு பார்க்க முடியாது, ஊருக்கும் சாமிக்கும் நடுவில் நிற்கிற வேலை. இதைப் பரம்பரையா செய்யுற கணியான் சமூகம் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிற சமூகம்.

பாலேக்காரங்க கட்டை விரல் நுனியில் நின்னு, மண்ணே எனக்கு வேண்டாம்னு மேலே போவாங்க. கணியான் ஆட்டக்காரர் அப்படியே உல்டா. வெறுங்காலை மண்ணில் ஓங்கி வைப்பார். உச்சம் வேகமா ஓடும்போது கால் அதோட ஓடும், இடுப்பு மந்தத்தோட நிற்கும். ஒரே உடம்பில் ரெண்டு தாளம்! இதைச் சரியா செய்யுறவரை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிச்சிடலாம். மகுடம் சட்டுன்னு நிற்கும்போது சலங்கையும் சட்டுன்னு நிற்கும். ஒரு மணி கூட மிச்சமா ஒலிக்காது.

சீவலப்பேரிக்குப் பக்கத்து ஊர் ஒண்ணில், விடிகாலை ஆட்டம் முடிஞ்சு, கைலிக்கு மாறி டீ குடிச்சுக்கிட்டிருந்த ஒரு வயசான ஆட்டக்காரர்கிட்ட கேட்டேன். "அண்ணாச்சி, நல்லா ஆடினோமா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முன்னால உக்காந்திருக்க கெழவியப் பாப்பேன் தம்பி. அவ தலைய ஆட்டுனா ஆட்டம் சரி. வெத்தலைய எடுத்துட்டான்னா எங்கேயோ தப்பிட்டோம்னு அர்த்தம்."

"இப்ப அந்தக் கெழவியெல்லாம் இருக்காங்களா?"

"கெழவி இருக்கா. அவளுக்குப் பொறவு யாரு உக்காருவான்னுதான் தெரியல."

பிரச்னை இதுதான். ஒரு நல்ல ஆட்டக்காரரை உருவாக்கப் பல வருஷம் ஆகும், ஒரு நல்ல ரசிகரை உருவாக்கவும் அப்படித்தான். இப்ப நிறைய கொடைகளில் ராத்திரி எட்டு மணியில் இருந்து இன்னிசைக் கச்சேரிக்குத்தான் மைக். கணியானுக்கு மிச்ச நேரம், மிச்ச மைக். கூட்டம் சினிமாப் பாட்டு கேட்டுட்டு வீட்டுக்குப் போனப்புறம், நாலு பேர் முன்னால சுடலை பிறப்பை ஆடுறதை நான் பார்த்திருக்கேன். இதில் புடவை கட்டின ஆம்பளைன்னு விசில், கிண்டல், செல்போனில் பத்து செகண்ட் வீடியோ வேற! ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் ஜூலியட்டா நடிச்சதும் பையன்தான். அதை கிளாஸில் படிச்சா கலை, ஊர்க் கொடையில் பார்த்தா காமெடியா?

கொடை சீசன் பங்குனி, சித்திரையில் ஆரம்பிச்சு ஆவணி வரைக்கும். மத்த மாசத்தில் இவங்களுக்கு வேற வேலை. கூட்டம் குறைஞ்சா அடுத்த வருஷம் கமிட்டி கூப்பிடாது. கூப்பிடலைன்னா அவங்க பையன் மகுடத்தைத் தொடமாட்டான், திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிடுவான். அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு?

ஆனா நம்பிக்கைக்கும் இடம் இருக்கு. சத்திரபுதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் இதே பக்கத்து வில்லுப்பாட்டைச் சென்னைக்கும் ரேடியோவுக்கும் கொண்டுபோனார். 2021-ல பத்மஸ்ரீ வாங்கினார், 2022-ல மறைஞ்சார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காறுகளைத் தனித் துறையாவே வச்சுப் படிச்சிருக்காங்க. ஆராய்ச்சி பண்ண ஆள் வந்தாச்சு, அவார்டும் வந்தாச்சு. முன் வரிசைதான் காலியாக் கிடக்கு!

போறவங்க கவனத்துக்கு...

ஹாஸ்டலில் சுத்துப்பட்டு ஊர்க்காரப் பையன் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். அவன் ஊர்க் கொடை எப்பன்னு கேட்டு வச்சுக்குங்க. கொடைக்கு வர்றவங்களுக்கு நம்ம ஆளுங்க சோறு போடாம அனுப்ப மாட்டாங்க, மெஸ் பில் மிச்சம்!

சீக்கிரம் போய் மகுடம் காய்ச்சுறதில் இருந்து பாருங்க. கதை தெரியாட்டி பக்கத்தில் இருக்கிற ஆச்சிகிட்ட கேளுங்க, அவங்க சொல்றது ஆட்டத்தை விட நல்லா இருக்கும். சாமியாடுற இடத்திலும் கைவெட்டு சமயத்திலும் செல்போனை பாக்கெட்டில் போட்டுடுங்க. நள்ளிரவில் கூட்டம் கலையும், அப்ப எழுந்திரிக்காதீங்க. அண்ணாவி தொண்டை சூடாகி, ஆட்டக்காரங்க கால் சூடாகி, நிஜ ஆட்டம் ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறம்தான். முடிஞ்சதும் நேரில் போய் 'நல்லா இருந்துச்சு அண்ணாச்சி'ன்னு சொல்லுங்க. எந்த இடம் நல்லா இருந்துச்சுன்னும் சொல்லுங்க, அதுதான் அவங்களுக்கு வேணும். பேன்ட்டில் மணல் ஒட்டும், மறுநாள் முதல் பீரியட் தூக்கம் வரும்... பரவாயில்லை, அட்டெண்டன்ஸை நண்பன் பார்த்துக்குவான்!

அடுத்த கொடை சீசனில் ஆச்சிக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கும். துண்டை விரிங்க மக்கா!