இரண்டு பேர் செய்த வேலை

1985-ஆம் வருடக் கடைசியில் பாரிசிலிருந்து என் அண்ணன் ஒரு கடிதம் போட்டிருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர் அவர். கடிதத்தோடு ஒரு வண்ணப் புகைப்படம். சேன் ஆற்றின் மேல் இருக்கும் போன் நெஃப் பாலத்தைத் துணியால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தெருவிளக்கைக் கூட விடவில்லை.

என்னைப் போலப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அந்தப் பாலம் தெரிந்ததுதான். போன் நெஃப் என்றால் புதுப் பாலம். ஆனால் இன்றைக்குப் பாரிசில் நிற்கிற பாலங்களிலேயே அதுதான் பழையது, 1607-இல் கட்டி முடித்தது. படத்தை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். "பாலத்துக்கு வேட்டி கட்டி விட்டிருக்கானுவ, கல்யாணம் போல" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தோம்.

கிறிஸ்தோ என்கிற கலைஞர் செய்த வேலை என்று அண்ணன் எழுதியிருந்தார். ஏறக்குறைய 40,000 சதுர மீட்டர் துணியாம். வைத்திருந்தது 14 நாள், அனுமதி வாங்க அலைந்தது பத்து வருடம். குமாஸ்தாவான எனக்கு அந்தக் கடைசி விவரம் மட்டும் மனதில் நின்றுவிட்டது.

அதன்பின் மறந்தே போனேன். 2021 செப்டம்பரில் அண்ணன் பேரன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். இந்த முறை பாரிசின் வெற்றி வளைவு, ஆர்க் தெ த்ரியோம்ஃப். வெள்ளி நீலத்தில் 25,000 சதுர மீட்டர் துணி, சிவப்புக் கயிறு. படத்தின் கீழே இரண்டு பெயர் இருந்தது: கிறிஸ்தோ, ழான் குளோத். அந்த இரண்டாவது பெயர் யார் என்று தேடிப் படித்தேன்.

அவர் கிறிஸ்தோவின் மனைவி. இருவரும் பிறந்தது ஒரே நாள், 1935 ஜூன் 13. அவர் பல்கேரியாவில், இந்த அம்மாள் மொரோக்கோவின் காசாபிளாங்காவில். 1958-இல் பாரிசில், ழான் குளோத்தின் தாயாரைப் படம் வரைய வந்த இடத்தில் பழக்கம். பிறகு அமெரிக்கா போய் நியூயார்க்கிலேயே குடியிருந்தார்கள்.

வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. படம் வரைவது கிறிஸ்தோ மட்டும். அரசாங்க மானியமோ கம்பெனி உதவியோ வாங்குவதில்லை. அந்தப் படங்களை விற்ற பணத்தில்தான் துணி, கயிறு, கூலி எல்லாம். பணத்தைப் புரட்டுவது, பேச்சுவார்த்தை, கணக்கருடன் மல்லுக்கட்டுவது எல்லாம் ழான் குளோத். ஆனால் என்ன செய்வது, எங்கே செய்வது என்பதை இருவரும் பேசித்தான் முடிவெடுப்பார்கள். 1983-இல் மயாமி பக்கம் 11 தீவுகளைச் சுற்றி இளஞ்சிவப்புத் துணி மிதக்கவிட்டார்களே, அந்த யோசனையே அம்மாளுடையது. விமானத்தில் மட்டும் சேர்ந்து போகமாட்டார்கள். ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் மற்றவர் வேலையை முடிக்கவேண்டும் என்று தனித்தனி விமானம்!

பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்ற 1971-இல் எண்ணம் வந்தது. இருவருமாக உறுப்பினர்களைத் தேடித்தேடிப் பார்த்துப் பேசி, 1994-இல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பே நடந்தது. ஆதரவு 292, எதிர்ப்பு 223. சுற்றி முடித்தது 1995-இல். இத்தனை வருடம் ஒரு கோப்பை உயிரோடு வைத்திருப்பது எத்தனை பெரிய வேலை என்று கோப்பு தூக்கினவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் 1994 வரை பெயர் கிறிஸ்தோ ஒன்றுதான். இளம் கலைஞன் ஒருவன் பெயர் நிலைப்பதே பெரும்பாடு, இரண்டு பெயர் என்றால் இன்னும் கஷ்டம் என்று நினைத்து இருவரும் அப்படி வைத்துக்கொண்டார்களாம். 1994-இல் திருத்தினார்கள். வெளியில் செய்த பெரிய வேலைகள் எல்லாம், பழையதும் சேர்த்து, இருவர் பெயரிலும். வரைந்த படங்கள் மட்டும் கிறிஸ்தோ பெயரிலேயே இருந்தன.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆபீசில் குறிப்பு எழுதுவது நான், கையெழுத்துப் போட்டுப் பேர் வாங்குவது அதிகாரி. முப்பது வருடத்துக்கு மேல் இதைச் சொல்லி வீட்டில் புலம்பியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டவள் என் மனைவி. அவளுக்கே நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

1996-இல் மொப்பசான் கதைகள் சிலவற்றைத் தமிழாக்கி ஒரு சிறு புத்தகம் போட்டேன், 300 பிரதி. உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். என் பிரெஞ்சு நன்றாக இருக்கும். தமிழ் பேசத்தான் வரும், எழுத உட்கார்ந்தால் ரகர றகரமே தகராறு. அவள் தமிழ் வழியில் படித்தவள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் பிரெஞ்சைப் படித்து அர்த்தம் சொல்வேன், அவள் எழுதுவாள். "அவன் தோள்களை உயர்த்தினான்" என்று சொன்னேன் ஒருநாள். "தோளை எதுக்குங்க தூக்குறான், சுளுக்கா?" என்றாள். விளக்கினேன். கொஞ்சம் யோசித்து, "எனக்கென்ன என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினான்" என்று எழுதினாள். அந்தப் புத்தகம் முழுக்க இப்படி வந்ததுதான்.

அட்டையில் என் பெயர் மட்டும். முன்னுரையில் அச்சகத்தாருக்கு நன்றி சொன்னேன், அவளுக்குச் சொல்லவில்லை. வெளியீட்டன்று ஒருவர், "பிரெஞ்சு படிச்சவர் தமிழை இப்படி எழுதுறாரே" என்று பாராட்டினார். சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்தோ தம்பதியராவது இருவரும் பேசி ஒரு பெயர் வைத்தார்கள். நான் அவளைக் கேட்கவே இல்லை.

ழான் குளோத் 2009-இல் இறந்துவிட்டார். கிறிஸ்தோ 2020-இல். வெற்றி வளைவை இருவருமே பார்க்கவில்லை, பெயர் மட்டும் சேர்ந்து நின்றது. நான் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அவளிடம் விஷயத்தைச் சொல்லி, "இனி உன் பேரையும் போடப்போறேன்" என்றேன்.

"இத்தனை வருஷம் கழிச்சா? தப்பு இருந்தா பழி எனக்கும் வரணும்னு பாக்குறீங்க" என்றாள். பிறகு சும்மா இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனிஷியலோட போடுங்க. எங்கப்பா இனிஷியல்" என்றாள்.

வீட்டில் அந்தப் புத்தகம் பதினொரு பிரதி மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றிலும் என் பெயருக்குக் கீழே அவள் பெயரைப் பேனாவால் எழுதி, ஆபீஸ் வழக்கப்படி திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். உங்களிடம் பிரதி இருந்தால் கொண்டுவாருங்கள், திருத்தித் தருகிறேன்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் அதிகம் படிக்க முடிவதில்லை. இந்தப் பதிவையும் நான் வாசிக்க, அவள் கேட்டுத் திருத்தியதுதான். இனி வரும் பதிவுகளில் இரண்டு பெயர் இருக்கும். பிரெஞ்சில் தவறு இருந்தால் மட்டும் என்னைத் திட்டுங்கள்.