பிளாட்டினம் சும்மா இருக்குமா?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம். கொஞ்சம் வேதியியல் இருக்கு, ஓடிடாதீங்க :-)

1990களின் கடைசியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ட்யூஷன் எடுத்துட்டு இருந்தேன். "வினையூக்கி வினையின் வேகத்தை மாற்றும், தான் மாறாது" என்று ஒருநாள் போர்டில் எழுதிப் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், அது மாறவே மாறாதுன்னா எப்படி சார் வேலை செய்யுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பரீட்சைக்கு இவ்வளவு போதும், உக்காரும்மா"ன்னுட்டேன். பசங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அவ கேள்வியே கேட்கலை.

2007ல் ஜெர்மன் விஞ்ஞானி ஜெர்ஹார்ட் எர்ட்லுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. (அறிவிப்பு வந்த அக்டோபர் 10, அவரோட 71வது பிறந்தநாள்!) மனுஷன் என்னதான் செஞ்சார்னு படிக்கப் போனப்பதான் பதில் கிடைச்சது.

பிளாட்டினம் படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டினால், மேல்பரப்பு அணுக்கள் நேர்ப்புள்ளிக் கோலம் மாதிரி சதுரமாக நிற்க வேண்டும். ஆனால் வெற்றிடத்தில் சுத்தமாக வைத்தால் அப்படி நிற்பதில்லை. மேலே கைகோக்க ஆள் இல்லாத அந்த அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, இடுக்குப் புள்ளி மாதிரி அறுகோணமாகிவிடும். அதே இடத்தில் சுமார் 20% கூடுதல் அணுக்கள்!

இப்போ கார்பன் மோனாக்சைடு வந்து ஒட்டுது. அதுக்கு சதுரத்துலதான் பிடிப்பு அதிகம். போதுமான அளவு சேர்ந்ததும் பரப்பு மறுபடி சதுரமாகிவிடும். இடமில்லாத அணுக்கள் மேலே தள்ளப்பட்டு குட்டிக் குட்டித் தீவுகளாக நிற்கும். ஆக்சிஜன் அறுகோணத்தில் லேசில் ஒட்டாது, சதுரத்தில் நன்றாக ஒட்டும். ஒட்டியதும் இரண்டும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். பரப்பு காலி, மறுபடி அறுகோணம். வெப்பநிலையும் அழுத்தமும் சரியாக அமைந்தால், இது ஊஞ்சல் மாதிரி திரும்பத் திரும்ப நடக்கும்.

ஆக, வினையூக்கி மாறத்தான் செய்கிறது. வர்றவங்களுக்கு ஏத்த மாதிரி மாறி, அவங்க போனதும் பழையபடி ஆயிடுது. ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் பார்க்கிறவனுக்கு மாறாத மாதிரி தெரியும், அவ்ளோதான்.

அந்தப் பொண்ணு இப்போ எங்கே இருக்கான்னு தெரியாது. அவ கேட்டது சரியான கேள்வி. நான் சொல்லியிருக்க வேண்டியது மூணே வார்த்தை: "தெரியலைம்மா, பார்த்துச் சொல்றேன்."

இதோ, பார்த்துட்டேன்மா. சொல்லிட்டேன்.