கப்பல் போன பிறகு

கிராணி என்ற சொல்லை என் வயதுக்காரர்கள் யாரும் இப்போது அதிகம் சொல்வதில்லை. பாட்டி சொல்வார். தோட்டத்தில் பால் நிறுத்து நோட்டில் எழுதியவர் கிராணி. மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு அவர் எந்த எண்ணைப் படித்தாரோ அதுதான் அன்றைய கூலி. கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க் வேலை கிடைத்ததைச் சொன்னபோது பாட்டி கேட்டார்: "கிராணி வேலையா? அங்கயாச்சும் சரியா எழுதுவாங்களா?"

நான் எழுதுவது கே2. மலேசியாவுக்குள் வரும் சரக்குக்குக் கே1, வெளியே போகும் சரக்குக்குக் கே2. என்ன பொருள், எத்தனை, எவ்வளவு எடை, என்ன மதிப்பு, எந்தக் கப்பல் என்று கணினியில் நிரப்பிச் சுங்கத்துறைக்கு அனுப்ப வேண்டும். பார்ப்பதற்குச் சாதாரண பாரம்தான். ஆனால் அதிலுள்ள பாதி எண்கள் அனுப்பும் நேரத்தில் இன்னும் உண்மையாகியிருக்காது. கண்டெய்னரில் சாமான் ஏறும் முன்பே இன்வாய்ஸைப் பார்த்து எழுதுகிறோம். சமயத்தில் கப்பலே மாறிவிடும்; இடம் இல்லையென்று பெட்டியை அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் கே2-வை வாக்குறுதி மாதிரி என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா முதல் வாரமே இரண்டு கையுறைகளை மேசையில் போட்டார். "எது ரப்பர், எது பிளாஸ்டிக், சொல்லு." எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. நைட்ரைல் செயற்கை ரப்பர் என்பதால் எச்.எஸ். குறியீட்டில் 40ஆம் அத்தியாயம்; வைனில் பிளாஸ்டிக், அது 39ஆம் அத்தியாயம். தொழிற்சாலை அனுப்பும் இன்வாய்ஸிலோ வெறும் 'கையுறை' என்றிருக்கும். போன் போட்டுக் கேட்க வேண்டும். குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்று, மலேசியாவில் மொத்தம் 10. ஒருமுறை மனப்பாடம் பண்ணிவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. 2022 பதிப்பில் மருத்துவக் கையுறையின் எண்ணே மாறியது. பழைய பாரத்தைக் காப்பி அடித்து வேலை பார்ப்பவர்கள் அப்படித்தான் மாட்டுகிறார்கள்.

எடையில் வேறொரு சிக்கல். கே2-வில் எழுதுவது சரக்கும் அதன் அட்டைப்பெட்டியும் சேர்ந்த எடை. 2016 ஜூலை 1 முதல் கப்பல் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய வி.ஜி.எம்.மில் கண்டெய்னரின் சொந்த எடையும் சேரும். 20 அடிப் பெட்டி காலியாகவே 2 டன்னுக்கு மேல் இருக்கும். ஆக இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் தப்பு. 'ரெண்டும் ஏன் வேறயா இருக்கு' என்று கேட்டு, ஒன்றைப் பார்த்து மற்றதை 'சரிசெய்கிற' ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், அதுதான் பயம். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் எம்.எஸ்.சி. நாப்போலி கப்பலின் உடல் விரிசல்விட்டது. பிறகு அதன் மேல்தளத்திலிருந்த சுமார் 660 பெட்டிகளை நிறுத்துப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்று, எழுதியிருந்ததற்கும் நிஜத்துக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம். ஒவ்வொன்றையும் யாரோ ஒரு கிளார்க் தட்டச்சு செய்திருப்பார்.

இவ்வளவு இருந்தும் ஏற்றுமதிப் பாரத்துக்கு மரியாதை குறைவுதான். இறக்குமதியில் வரி இருக்கிறது, அதனால் எல்லாரும் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார்கள். கச்சா பாமாயில் போன்ற சிலவற்றை விட்டால் ஏற்றுமதியில் பெரும்பாலும் வரி கிடையாது. ரிலீஸ் கிடைத்தால் போதும், கப்பல் போய்விட்டால் முடிந்தது கதை. புள்ளிவிவரத் துறை மாதாமாதம் நாட்டின் ஏற்றுமதி இவ்வளவு என்று அறிவிப்பது இந்தப் பாரங்களைக் கூட்டித்தான் என்பது எங்கள் ஆபீஸில் பலருக்குத் தெரியாது.

போன வருஷம் ஒரு கையுறைச் சரக்கு. கே2-வில் 600 பெட்டி. கப்பல் கிளம்பி இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலையின் ஷிப்பிங் பையன் பேச்சுவாக்கில் சொன்னான்: "அக்கா, 60 பெட்டி கியூசில நின்னுடுச்சு. 540தான் ஏத்துனோம்."

திருத்தணும் என்றேன்.

"கப்பல்தான் போயிருச்சே. யாரு எண்ணப் போறா?"

போஸும் அதையேதான் சொன்னார். "திருத்தப் போனா ஏன் எப்படின்னு கேப்பாங்கம்மா. நாமளே போயி மாட்டிக்கணுமா?" அவர் கெட்டவர் இல்லை. திருத்தம் என்றாலே குற்ற ஒப்புதல் என்று நினைக்கும் தலைமுறை. சுங்கச் சட்டம் 1967-இன் 133ஆவது பிரிவு தவறான அறிவிப்புக்குத் தண்டனை சொல்கிறது; அது அவருக்கு மனப்பாடம். தெரிந்த பிறகும் சும்மா இருப்பதுதான் பெரிய ஆபத்து என்பதை ஏற்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பேசினேன். "போஸ், அந்த 60 பெட்டி அடுத்த வாரம் வேற கப்பல்ல போகும். அதுக்கு ஒரு கே2 போடுவோம். அப்போ 660 ஆகிடும். பேக்டரி செஞ்சது 600. மிச்சம் 60 எங்கேர்ந்து வந்துச்சுன்னு ரெண்டு வருஷம் கழிச்சு ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

கொஞ்ச நேரம் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தட்ட ஒன்றுமில்லை. பிறகு, "லெட்டர் டைப் பண்ணு" என்றார்.

விளக்கக் கடிதம், திருத்திய இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். எண்ணிக்கை மாறினால் எடை மாறும், எடையோடு எஃப்.ஓ.பி. மதிப்பும் மாறும், ஒரு எண்ணைத் தொட்டால் மூன்றைத் தொட வேண்டும். கவுண்டரில் அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "கெனாப்பா பாரு ஸெக்காராங்?" ஏன் இப்போதுதான் என்று. இப்போதுதான் தெரிந்தது என்றேன். அடுத்த தடவை சீக்கிரம் வா என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

மிச்சம் 60 பெட்டி அடுத்த வாரம் தனிக் கே2-வில் போனது. அந்தப் பையன் இப்போதெல்லாம் கண்டெய்னர் கதவைச் சாத்துவதற்கு முன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். கீழே ஒரு வரி தவறாமல் இருக்கும்: "எண்ணியாச்சுக்கா. சண்டைக்கு வராதீங்க."