வேராவல் துறையில் கண்டவை

சென்ற பொங்கல் விடுமுறையில் சோமநாதர் தரிசனம் முடித்து, அருகிலுள்ள வேராவல் மீன்பிடி துறைமுகத்தைக் குடும்பத்துடன் கண்டுவந்தோம்.

கூடைகளில் சுறாக்களும் திருக்கைகளும் குவிந்திருந்தன. இரண்டிற்கும் உடலில் எலும்பு கிடையாது, குருத்தெலும்பே உண்டு. சுறாவின் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் அமைந்தவை. திருக்கைக்கோ அவை உடலின் அடிப்புறத்தில் உள்ளன. ஆதலின் மணலில் பதுங்கிக் கிடக்கும் திருக்கை, கண்ணுக்குப் பின்னுள்ள துளை வழியே நீரை இழுத்துச் சுவாசிக்கின்றது. கொம்பன் சுறா நீந்தித் திரிவது. மூங்கில் சுறாவோ கடலடியில் பாறைகளிடையே ஒடுங்கியிருப்பது.

அக்கடலின் பெருஞ்செல்வம் திமிங்கிலச் சுறா. மீன்களில் மிகப் பெரியதாகிய அது 12 மீட்டருக்கு மேலும் வளரும். உண்பதோ மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையுமே. படகிற்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காக முன்னாளில் அதனை வேட்டையாடினர். 2001-ஆம் ஆண்டு சட்டம் அதனைத் தடுத்தது. 2004-இல் தொடங்கிய இயக்கத்தில் கதாகாலட்சேபகர் மொராரி பாபு, பிரசவத்திற்குத் தாய்வீடு வரும் மகளுக்கு அம்மீனை ஒப்பிட்டார். ‘வாலி’, அதாவது அன்புக்குரியவள், என்பது அதன் பெயராயிற்று.

வலையில் சிக்கிய வாலியை விடுவிக்கத் தம் வலையையே அறுத்ததாக முதிய மீனவர் ஒருவர் எங்களிடம் கூறினார். அறுத்த வலைக்கு அரசு ஈட்டுத்தொகை அளிக்கின்றது. எனினும் அன்றைய பிடி போனது போனதே. “மகளிடம் கணக்குப் பார்ப்பதுண்டா?” என்றார்.

தலைப்பிரசவத்திற்கு ஊர் செல்லும் நம் பெண்களுக்குப் பயணச்சீட்டு எழுதிக் கொடுக்கும் எங்களுக்கு, அச்சொல் எளிதில் விளங்கிற்று.