நாலரை ஆண்டு காத்திருந்து பார்த்த ஏழு எபிசோடுகள்

‘தி ஃபேமிலி மேன்’ மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடு முடிந்ததும், அடுத்தது எங்கே என்று தேடினேன். ஏழோடு சரி என்று முன்பே தெரியும். இருந்தாலும் கதை அங்கே நிற்கும் என்று மனம் ஒப்பவில்லை. காயம்பட்ட உளவு அதிகாரி ஸ்ரீகாந்த் சாய்கிறான், அவனுடைய எதிரி ருக்மா தப்பிப் போகிறான், திரை இருண்டுவிடுகிறது. இரண்டாவது சீசன் வந்தது 2021 ஜூனில். இது வந்தது 2025 நவம்பரில். இத்தனை காலம் காத்திருந்தவர்களுக்கு ஒரு முழுக் கதையைத் தந்திருக்க வேண்டும்.

இந்தத் தொடர் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தைச் சொன்னால்தான் ஏமாற்றத்தின் அளவு புரியும். 2019இல் முதல் சீசன் வந்தபோது, உளவாளி என்றாலே கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் என்றிருந்த நம் திரையில், மும்பையின் நெரிசலில் பழைய காரை ஓட்டிக்கொண்டு, பிள்ளைகளிடம் பேரம் பேசிக்கொண்டு நடுத்தர வயது ஸ்ரீகாந்த் வந்தான். மனோஜ் பாஜ்பாயி அந்த வேடத்தில் நடித்தார் என்று சொல்வதே குறைவுதான். ஒரு பக்கம் சதிகாரர்களைத் தேடும் அவசரம். இன்னொரு பக்கம் மகளைப் பற்றிப் பேசப் பள்ளி முதல்வர் கூப்பிடுகிறார். வீட்டில் அவன் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் மனைவி சுசித்ராவை ஓரடி விலக்கிவிடும். வேலை ஜெயிக்கும் நாளில் வீடு தோற்கும். கதை ஓடியது அந்த உரசலில்தான். துப்பாக்கி அதற்குப் பிறகுதான்.

அதைவிட முக்கியம், இந்தத் தொடரில் செய்த காரியத்துக்கு விலை உண்டு. முதல் சீசனில் கரீம் என்ற கல்லூரி மாணவனைத் தீவிரவாதி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். அவன் தீவிரவாதி அல்ல என்பது பிறகு தெரிகிறது. அந்தச் சாவு ஸ்ரீகாந்தை விடுவதே இல்லை. அந்த சீசனின் இறுதியில் டெல்லி ரசாயன ஆலையில் நடந்த விபரீதம் அவனுடைய சகாக்கள் மிலிந்தையும் சோயாவையும் அடுத்த சீசன் வரைக்கும் துரத்தியது. சோயா சக்கர நாற்காலியில். மிலிந்த் உள்ளுக்குள் நொறுங்கியவனாகவே வேலைக்குத் திரும்பி வந்து, தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் நடக்கும் தாக்குதலில் உயிரை விடுகிறான். வெட்டே தெரியாமல் ஒரே ஓட்டமாகப் போகும் அந்தக் காட்சியில், கேமரா நம்மையும் நிலையத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடும். மிலிந்த் விழுந்தபோது வீட்டு மனிதர் ஒருவர் போனதுபோல இருந்தது எனக்கு.

இரண்டாவது சீசன் தமிழர்கள் பலரைப் புண்படுத்தியது. ஈழப் போராளிகளைப் பாகிஸ்தானின் ஐஎஸ்ஐ ஆளோடு கைகோர்க்க வைத்த கதையை எதிர்த்துத் தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதமே எழுதினார். சமந்தாவின் முகத்தைக் கறுப்பாக்கியதும் சரியல்ல. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் சமந்தா நடித்த ராஜி என்ற போராளிப் பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. மில்லில் தலை குனிந்து வேலை செய்கிறாள். பஸ்ஸில் ஒருவன் உரசிக்கொண்டு நிற்கும்போது அவள் முகத்தில் ஒரு தசைகூட அசையாது. அவளுக்கு என்ன நடந்தது, ஏன் இப்படி ஆனாள் என்பதெல்லாம் கதைக்குள்ளேயே கிடைத்தது. சென்னை வந்ததும் தொடரே தமிழ் பேசியது. சென்னை அதிகாரிகளாக வந்த தேவதர்ஷினியின் உமையாளும் ரவீந்திர விஜய்யின் முத்துவும் வடக்கத்தி அதிகாரிகளிடம் கூனிக் குறுகாமல் பேசினார்கள். உதய் மகேஷ் நடித்த செல்லம் சார் சில நிமிடங்களே வந்தும், எது கேட்டாலும் பதில் வைத்திருக்கும் மனிதருக்கு ஊரெங்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மூன்றாவது சீசன் நாகாலாந்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டபோது நான் எதிர்பார்த்தது இதைத்தான். வடகிழக்கை நம் தொடர்கள் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். சென்னைக்குச் செய்ததை இந்தக் குழு அங்கேயும் செய்யும், அங்குள்ள மனிதர்களின் பேச்சும் வீடும் சமையலும் கதைக்குள் வரும் என்று நம்பினேன். மலையும் மூடுபனியும் வந்தன. மனிதர்கள் வந்தார்கள், போனார்கள். உமையாளைப்போல, முத்துவைப்போல மனதில் உட்கார்ந்தவர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

ஜெய்தீப் அஹ்லாவத்தின் ருக்மா விஷயத்தில் எனக்கு ஆற்றாமை அதிகம். அவரைப் போன்ற நடிகர் கிடைப்பது வரம். ருக்மாவோடு வாழ்ந்த பெண் கொல்லப்படுகிறாள். அவளுடைய சிறு மகன் இவன் பொறுப்பில் வந்து சேர்கிறான். கொலையைத் தொழிலாகக் கொண்டவனுக்கும் ஒரு பிள்ளை, இந்தப் பக்கம் ஸ்ரீகாந்துக்கும் பிள்ளைகள். தொடரின் பெயருக்கே பொருத்தமான இந்த இரண்டு தகப்பன்களையும் எதிரெதிரே நிறுத்தியிருந்தால் அது ஒன்றே போதும். அந்தச் சிறுவனோடு ருக்மா தடுமாறும் சில இடங்களில் தொடரின் பழைய உயிர் எட்டிப் பார்க்கிறது. அதற்குள் வேறு இடம், வேறு சதி, ஆயுத பேரம், லண்டனிலிருந்து அந்தச் சதியை இயக்கும் மீரா என்று கதை தாவிவிடுகிறது.

குல்கர்னியின் சாவும் அப்படித்தான். இரண்டு சீசன்களாக ஸ்ரீகாந்தைத் திட்டியும் தாங்கியும் வந்த மேலதிகாரி, தொடக்கத்திலேயே பதுங்கித் தாக்கியவர்களின் குண்டுக்கு இரையாகிறார். பழி ஸ்ரீகாந்த் மேல் விழ, அவன் குடும்பத்தோடு ஓட வேண்டியதாகிறது. கேட்க நல்ல முடிச்சுதான். ஆனால் கரீமுக்காக அத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்த மனிதனுக்கு, குல்கர்னிக்காகத் தனியே உட்கார்ந்து அழ ஒரு காட்சி வேண்டாமா? குடும்பமும் கூடவே ஓடுவதால் அந்தப் பழைய உரசலும் போய்விட்டது. யாரிடம் மறைப்பதற்காக இத்தனை காலம் பொய் சொன்னானோ அவர்களே பக்கத்தில் இருக்கிறார்கள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாத ஸ்ரீகாந்த், துரத்தப்படும் வேறெந்த நாயகனையும்போல ஆகிவிடுகிறான். ஷாரிப் ஹாஷ்மி நடித்த சக அதிகாரி ஜேகே பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பழைய ஸ்ரீகாந்த் தெரிகிறான். அந்த இருவரும் சண்டை போட்டுக்கொள்வதை எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன்.

இதே குழுவின் ‘ஃபர்ஸி’ தொடரில் வரும் மைக்கேலாக விஜய் சேதுபதி வந்துபோவதைப் பலர் கொண்டாடினார்கள். அவரைத் திரையில் பார்த்ததும் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நிமிடங்களை ருக்மாவுக்கும் அந்தச் சிறுவனுக்கும் தந்திருக்கலாம்.

முதல் சீசனும் தொங்கலில்தான் முடிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மை. ஆனால் அதற்குள் அப்பாவி என்று நாம் நம்பிய மூசாவின் சுயரூபம் வெளிப்பட்டு, அவன் கதையும் முடிந்திருந்தது. அதற்கு மேல்தான் அந்தத் தொங்கல். இங்கே ருக்மாவின் கணக்கும் தீரவில்லை, மீராவின் கணக்கும் தீரவில்லை. அடுத்த சீசன் வந்தால் முதல் நாளே பார்ப்பேன். தொடரை எழுதிய ராஜ், டிகே, சுமன் குமார் மூவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: ருக்மாவையும் அந்தச் சிறுவனையும் அவசரப்படாமல் எழுதுங்கள். குல்கர்னியின் வீட்டுக்கு ஸ்ரீகாந்தை ஒருமுறை அனுப்பி வையுங்கள்.