அளவுகோலையும் அளந்து பார்

குற்றம் எங்கே உள்ளது என்று ஆராயுமுன், குற்றவாளி இன்னார் என்று முடிவு செய்துவிடுவது மனித இயல்பு. அவ்வியல்புக்கு நானும் ஒருமுறை ஆளானேன். என்னைத் திருத்தியது ஒரு சிறு கருவி.

நான் பட்டம் பெற்று ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியேற்ற புதிது. கண்ணாடிக் கலம் ஒன்றிலிருந்து காற்றை வெளியேற்றி, அதனுள் வெற்றிடம் உண்டாக்குவது என் பொறுப்பு. குழாய்களை இணைத்துத் தந்தவன் என்னினும் இளைய உதவியாளன் ஒருவன். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்க வல்லது. எங்கள் கலத்தில் அது 0.01 மில்லிமீட்டராகக் குறையவேண்டும். ஆனால், பம்பு அரை நாள் ஓடியும் அழுத்தமானியின் முள் 0.1-க்குக் கீழே இறங்கவில்லை.

"உன் இணைப்பில் கசிவு இருக்கிறது. அக்கறையின்றி வேலை செய்திருக்கிறாய்" என்று பலர் முன்னிலையில் அவனைக் கடிந்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. இரண்டு நாள் இணைப்புகளையெல்லாம் பிரித்துப் பிரித்துப் பூட்டினான். பயன் இல்லை.

மூன்றாம் நாள், அங்கே நெடுங்காலம் பணியாற்றிய முதியவர் ஒருவர் வந்தார். பம்புக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள அடைப்பானை மூடினார். "கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், முள் ஏறிக்கொண்டே போகும். இதுவோ நின்ற இடத்தில் நிற்கிறது. தம்பி, எல்லாவற்றையும் சோதித்தீர்கள், அழுத்தமானியைச் சோதித்தீர்களா?" என்றார். நான் தலைகுனிந்தேன்.

அது, மின்விளக்குத் தொழிற்சாலையில் பணிபுரிந்த மார்செல்லோ பிரானி என்னும் அறிஞர் 1906-இல் அமைத்த வகையைச் சேர்ந்தது. அதனுள் மயிரிழை போன்ற கம்பி ஒன்று மின்சாரத்தால் சூடேறி நிற்கும். சுற்றியுள்ள காற்று அவ்வெப்பத்தைக் கவரும். காற்றுக் குறையக் குறைய வெப்ப இழப்புக் குறையும். கம்பியின் மின்தடை கூடும். அம்மாற்றத்தைக் கொண்டே கருவி அழுத்தத்தைக் காட்டுகிறது. எங்கள் பம்பிலிருந்து வந்த எண்ணெய் ஆவி அக்கம்பியின்மேல் படிந்திருந்தது. அழுக்கேறிய கம்பி தூய கம்பியினும் மிகுதியான வெப்பத்தைக் கதிராக வீசி இழக்கும். கருவியோ அவ்விழப்பையும் காற்றின் செயலாகக் கொண்டு, இல்லாத காற்றை இருப்பதாகக் காட்டும்!

முதியவர் மக்லியாடு அழுத்தமானி ஒன்றை இணைத்தார். 1874-இல் தோன்றிய அக்கருவி, சிறிதளவு காற்றைப் பாதரசத்தால் நெருக்கி அதன் அழுத்தத்தைக் கணக்கிட உதவுவது. பாதரசம் நஞ்சாதலால் இன்று அதனைக் காண்பது அரிது. அது 0.01 என்றே காட்டியது. பம்பும் பழுதில்லை, இணைப்பும் பழுதில்லை.

பிறகு பிரானிக் கருவியின் தலைப்பகுதியைக் கழற்றி, அதனுள் ஆல்கஹாலை மெல்ல ஊற்றி ஊறவைத்தோம். குலுக்கினால் கம்பி அறுந்துவிடும் என்று அவர் எச்சரித்தார். இருமுறை கழுவி, நன்கு உலர்த்திப் பூட்டியதும், முள் தன் இடத்திற்கு இறங்கியது.

நான் உதவியாளனிடம் சென்று, கடிந்த அதே பலர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் புன்னகை செய்தான். அப்புன்னகை எந்தக் கடுஞ்சொல்லையும்விட என் நெஞ்சைச் சுட்டது.

மாணவர்களே, நம் உள்ளமும் ஓர் அளவுகருவியே. அதில் படியும் சினமும் அவசரமும் பிறரிடம் இல்லாத குற்றத்தை இருப்பதாகக் காட்டும். பிறரை அளக்குமுன் அளவுகோலைத் துடைத்து வைப்போமாக.