கெளுத்தியும் லேட் மார்க்கும்

மீன் பிடிக்கப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. மீன் பிடிப்பதற்காகப் போகிறவர்கள் ஒரு ரகம். வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்லிவிடுவார்களே என்று பயந்து போகிறவர்கள் இன்னொரு ரகம். எங்கள் ஆபீஸ் கோஷ்டி மொத்தமும் இரண்டாவது ரகம்தான், அண்ணாச்சி ஒருத்தரைத் தவிர.

அண்ணாச்சி ரெக்கார்டு செக்‌ஷன். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். பழைய ஃபைல்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஆற்று மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கேட்கிற நமக்கே காலில் ஈரம் படுகிற மாதிரி இருக்கும்.

"பத்து வயசுல ஒத்தைக் கம்பு வச்சி கெண்டை கெண்டையாப் புடிச்சி எங்க அம்மைகிட்ட கொண்டு குடுப்பேன், பாத்துக்கிடும். ஒங்க மெட்ராசுல என்னவே இருக்கு, குழாய்லயே தண்ணி வரல!"

அந்த ரோஷத்தில்தான் 1993-ல் எங்கள் தூண்டில் படை உருவானது. அண்ணாச்சி, கேஷியர், நான், என் பக்கத்து ஸீட்டு நண்பன். மூங்கில் கம்பு நாலு. பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் தங்கூஸ், முள், ஈயக்குண்டு. மிதப்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னதால், கேஷியர் தன் பழைய ஹவாய் செருப்பைத் தியாகம் செய்தார். துண்டு துண்டாக வெட்டினால் பிரமாதமாக மிதக்கிறது.

முதல் படையெடுப்பு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்து ஏரிக்கு. என் வீட்டுப் பாத்ரூம் தண்ணீர் போகிற வாய்க்காலில் தோண்டிய மண்புழுவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துப் போனோம். முள்ளில் கோத்துப் போட்ட அரை மணியில் உள்ளங்கை அகலத்துக்கு மூணு ஜிலேபி! (தின்கிற ஜிலேபி அல்ல. நம்ம ஊர் மீன் மாதிரி எல்லாக் குளத்திலும் குடியிருக்கிறதே தவிர, ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மீன் அது.) நாலாவது ஜிலேபிக்குக் காத்திருந்தபோது கரைமேல் ஓர் உருவம் தெரிந்தது. கையில் தடி.

"யார்யா அது? மீன்பாசி ஏலம் எடுத்தவன் நான் இங்க இருக்கேன்... எவனக் கேட்டுக் கொக்கி போடறீங்க?"

கிராமத்து ஏரியில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடுவார்கள், எடுத்தவர் பணம் கட்டி, குஞ்சு வாங்கிவிட்டு வளர்ப்பார் என்பதெல்லாம் ஓடும்போதுதான் அண்ணாச்சி விளக்கினார். நானும் பக்கத்து ஸீட்டும் வரப்பில் கைகோத்துக்கொண்டு ஓடினோம். என் ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது. அவன் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றி, "இந்தா, ஆளுக்கு ஒண்ணு. முள்ளு குத்துனா பாதிப் பாதி" என்றான். அப்படிப்பட்ட சிநேகிதம் எங்களுடையது. 1988-ல் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் டிபன் பாக்ஸை நான்தான் திறப்பேன். என் டிபன் பாக்ஸை அவன்தான் மூடுவான், காலியாக்கிவிட்டு.

அடுத்த வருஷம் ஒரே ஒரு சூப்பர்வைசர் போஸ்ட் வந்தது.

எனக்குத்தான் என்று ப்யூன் முதல் கான்டீன் மாஸ்டர் வரை சொன்னார்கள். நானும் வீட்டில் சொல்லிவைத்தேன். அது அவனுக்குப் போனது. "நீ லேட்டா வர்ற விஷயத்தை யாரோ மேனேஜர் காதுல போட்டிருக்காங்க" என்று ஒரு செய்தியும் கூடவே வந்தது. யாரோ என்றால் யார்? அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் இப்போது அவன் மேஜையில். சரியாகப் பத்தேகாலுக்குச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிடுவான். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் லேட் மார்க். மூன்று லேட் மார்க் சேர்ந்தால் அரை நாள் லீவு காலி. எட்டு மாசம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எதிரே இருக்கிற மேஜைக்கு ஃபைல் அனுப்ப வேண்டுமென்றால்கூட ப்யூனைக் கூப்பிட்டு, "அந்த ஸீட்ல குடுத்துருப்பா" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னைப் பழவேற்காட்டுக்குக் கூப்பிட்டார். "யார் யார் வர்றாங்க?" என்றேன். "வழக்கமா வர்ற ஆளுகதான்" என்றார். வாத்தியாராகப் போயிருக்க வேண்டிய மனுஷன். விடிகாலை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால், ஜன்னலோரம் அவன்! என்னைப் பார்த்ததும் அவன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி கூரையில் சுற்றாத ஃபேனைப் பார்த்தார்.

பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு போய்ச் சேரும் வரை நான் கேஷியரிடம் மட்டுமே பேசினேன். அவரும் டிக்கெட் காசை எழுதிக்கொண்டிருந்தார்.

பழவேற்காடு ஏரியை ஏரி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிற உப்பங்கழி அது. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். கேஷியர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இவங்களும் நம்மள மாதிரி தூண்டில் போட வந்தவங்களா?" என்றார்.

படகு எடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "நீச்சல் தெரியாத பயலுகள வச்சிக்கிட்டா? கரையே போதும்" என்று அண்ணாச்சி முடித்துவிட்டார். (2011 டிசம்பர் 25-ம் தேதி அந்த இடத்தில் படகு கவிழ்ந்து 22 பேர் போனபோது, அண்ணாச்சி சொன்னதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.)

அன்றைக்கு அமாவாசை கழிந்த மறுநாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பலமாக இருக்கும், தண்ணீர் ஏறும்போது மீனும் கூடவே உள்ளே வரும் என்று அண்ணாச்சி தைரியம் சொன்னார். நான் பெருமையாக ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து புழுவைக் கோத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், வேகவைத்த சேமியா மாதிரி தொங்குகிறது. உப்புத் தண்ணீர் மண்புழுவுக்கு ஆகாதாம். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு கை பொடி இறால் கொடுத்தார்.

"நீங்க போகலையா பெரியவரே?"

"இன்னிக்கு எங்க பாடு இல்ல சார்."

இறாலுக்கு வலை கட்டுகிற இடங்களைப் 'பாடு' என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது அங்கே காலங்காலமாக வருகிற வழக்கம். முறை வந்தவர் போவார். வராதவர் கரையில் வலை பின்னுவார். யாரும் யாரையும் பற்றி மேனேஜரிடம் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கொஞ்சம் சத்தமாகவே கேஷியரிடம் சொன்னேன். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவன் காதில் விழட்டும் என்றுதான். விழுந்தது. அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு இன்னும் பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

மூன்று மணி நேரம் போயிற்று. எங்களைச் சுற்றி மடவை துள்ளுகிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, வெள்ளிக் காசு சுண்டுகிற மாதிரி. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. மடவை சேற்றையும் பாசியையும் தின்கிற மீன். இறால் வைத்த முள்ளை அது சட்டை செய்வதில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அது ஏதோ சொந்த விரோதம் மாதிரித்தான் பட்டது.

திடீரென்று ஹவாய் செருப்பு மிதப்பு சரேலென்று உள்ளே போனது. வெட்டி இழுத்தேன். கம்பு வளைந்தது. "விடாதவே! விடாதவே!" என்று அண்ணாச்சி கத்த, அரைக் கிலோ தேறுகிற ஒரு மீன் கரையில் வந்து விழுந்தது. மீசை, வழவழவென்ற தோல், 'க்ரீச் க்ரீச்' என்று ஒரு சத்தம். வாழ்க்கையில் முதல் பெரிய மீன். சந்தோஷத்தில் ஓடிப்போய் வலது கையால் அப்படியே அமுக்கிப் பிடித்தேன்.

அவ்வளவுதான். கட்டைவிரலுக்குக் கீழே நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. நான் போட்ட கூச்சலில் மடவையெல்லாம் துள்ளுவதை நிறுத்திவிட்டது.

"கெளுத்தியப் போய்க் கையால புடிக்கலாமாவே! மூணு முள்ளு அதுக்கு. முதுகுல ஒண்ணு, செவுளுக்குப் பின்னால ரெண்டு. விஷ முள்ளு!" என்று அண்ணாச்சி பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். இருபதடி தள்ளி இருந்தவன். எப்போது ஓடிவந்தான் என்று தெரியாது. மீனைச் செருப்புக் காலால் அமுக்கி, முள் வந்த வழியே நேராக இழுத்து எடுத்தான். ரத்தம் கொட்டியது. வலி முழங்கை வரை ஏறியது. வலை பின்னிய பெரியவர், "சுடுதண்ணில கைய வைக்கச் சொல்லுங்க சார். சுடச்சுட வச்சாத்தான் எறங்கும்" என்றார். அது நாட்டு வைத்தியம் மட்டுமில்லை. கெளுத்தி விஷம் சூட்டில் செயலிழந்துபோகும் என்று டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பக்கத்திலேயே ஓர் அம்மாவின் டீக்கடை. அங்கே என்னை உட்காரவைத்து, ஒரு பேசினில் வெந்நீரை ஊற்றினான். அண்ணாச்சியும் கேஷியரும் வரவில்லை. தூண்டிலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்!

வலிக்கிற கைக்குச் சூடு தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவை வெந்நீர் ஊற்றும்போதும் முதலில் அவன் தன் கையை விட்டுப் பார்த்தான். "ஸ்ஸ்..." என்று எடுத்துவிட்டு, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தான். பிறகு, "ம்" என்றான். எட்டு மாசத்தில் என்னிடம் பேசிய முதல் எழுத்து. கால் மணி நேரத்தில் வலி முழங்கையிலிருந்து இறங்கி மணிக்கட்டுக்கு வந்தது. இடது கையில் டீ கிளாஸைக் கொடுத்தான்.

"ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"ம்."

"மேனேஜர்கிட்ட சொன்னது நான்தான்."

நான் டீயைக் குடிக்காமல் பார்த்தேன்.

"'ரெண்டு பேர்ல யாருய்யா டயத்துக்கு வர்றது?'ன்னு கேட்டார். நான் வர்றேன். நீ வர்றதில்ல. சொல்லிட்டேன்."

"பேசாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்." அடுப்பில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கடன், அது இதுன்னு காரணம் சொல்லலாம்டா. எனக்கு அந்த போஸ்ட் வேணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஒருத்தனை அறைய வேண்டும் என்று தோன்றுவதற்கு அதைவிட அசந்தர்ப்பமான நேரம் கிடையாது. வலது கை பேசினுக்குள். இடது கையில் சுடச்சுட டீ. எட்டு மாசமாக அவனிடம் கேட்பதற்கு நாக்கு நுனியில் வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அப்போது ஒன்றுகூட வரவில்லை. வெளியே மடவை மறுபடி துள்ளுகிற சத்தம் கேட்டது. நான் பாட்டுக்கு ஐந்து நிமிஷம் போல உட்கார்ந்திருந்தேன். அவனும் எழுந்து போகவில்லை.

"சூடு ஆறிடுச்சு. ஊத்து" என்றேன்.

கையை விட்டுப் பார்த்து, ஊற்றினான்.

வெந்நீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்ற டீக்கடை அம்மாவுக்குக் கெளுத்தியைக் கொடுத்துவிட்டோம். பொன்னேரியில் ஒரு கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். கேஷியர் கணக்குப் பார்த்தார். "நாலு பேர், மொத்தச் செலவு இருநூத்திப் பன்னெண்டு ரூபா, ஆளுக்கு அம்பத்து மூணு, மீன் நில்." வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது என்று வழியில் மார்க்கெட்டில் வாங்கினோம். அதையாவது முழுசாக வாங்கியிருக்கலாம். கடைக்காரரிடம் வஞ்சிரத்தை வெட்டித் தரச் சொன்னது கேஷியரின் யோசனை. வீட்டில் பையைத் திறந்து பார்த்த என் சம்சாரம் நிதானமாகக் கேட்டாள்:

"ஏங்க, தூண்டில்ல துண்டு மீனா மாட்டுது?"

மறுநாள் திங்கள்கிழமை. கை வீங்கி, சட்டைப் பொத்தான் போடவே அரை மணி ஆனது. ஆபீஸுக்குள் நுழையும்போது மணி பத்து இருபது. நேரே அவன் மேஜைக்குப் போனேன். ரிஜிஸ்டரில் சிவப்புக் கோடு நேராக, அழகாக, ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, கோட்டுக்குக் கீழே விரலை வைத்து, "இங்க போடு" என்றான்.

பேனாவைக் கையில் எடுத்தால் விரல் மடங்கவில்லை. அவன் ரிஜிஸ்டர் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கை எப்படிடா இருக்கு?"

"வலிக்குதுடா" என்று சொல்லிக்கொண்டே போட்டேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிச்சமிருந்த மண்புழு மாதிரி நெளிந்து நெளிந்து விழுந்தது என் கையெழுத்து.